ஸ்லோ குக்கரில் கிறீம் சிக்கன் பாஸ்தா: காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

கொழும்பு6காரி

லண்டனில் இருக்கிற அக்கா விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஸ்லோ குக்கர் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். 3.5 லீற்றர், உள்ளே பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரே ஒரு திருகி. ஓஃப், லோ, ஹை, வார்ம், அவ்வளவுதான். டைமர், திரை ஒன்றும் கிடையாது. இதில் முதல் சமையலாகக் கிறீம் போட்ட சிக்கன் பாஸ்தா செய்யலாம் என்று நினைக்கிறேன். மகனுக்கு அதென்றால் உயிர், கடையில் நாலு பேருக்கு வாங்கிக் கட்டாது.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பதில் சொல்ல வசதி. எனக்குக் கோட்டையில் வேலை, காலை ஏழரைக்கு வெளிக்கிட்டால் திரும்பி வெள்ளவத்தைக்கு வர ஆறரை, காலி வீதி இறுகினால் ஏழும் ஆகும். மாமி வீட்டில் இருக்கிறார், முழங்கால் வருத்தத்தால் அடுப்படியில் நெடுநேரம் நிற்க ஏலாது, ஆனால் சுவிட்ச் போடுவார், ஒருதரம் திறந்து கிளறுவார். குசினி சின்னது, ஒரே ஒரு யன்னல், பின்னேரம் அடுப்பைப் பற்றவைத்தால் உள்ளே நிற்க முடியாது, அதனால்தான் இந்தக் குக்கர்மேல் இவ்வளவு ஆசை.

இணையத்தில் கிடைக்கிற செய்முறை எல்லாம் அமெரிக்கர்களுடையது. கோழி நெஞ்சு இறைச்சி, ஒரு கட்டி கிறீம் சீஸ், ஒரு பக்கெட் இத்தாலியன் டிரெசிங் தூள், சிக்கன் ஸ்டொக், எல்லாவற்றையும் காலையில் போட்டு லோவில் எட்டு மணித்தியாலம் விடு என்கிறார்கள். சிலர் பாஸ்தாவையும் அவிக்காமல் அதற்குள்ளேயே கொட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் இரவு வந்து மூடியைத் திறக்கும்போது பாஸ்தா என்று ஏதாவது மிஞ்சுமா? கிறீம் அவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தால் திரையாதா? இடையில் கரண்ட் போனால் என்ன செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

உள்ளிப்பல்

எல்லாவற்றையும் காலையில் கொட்டிவிட்டுப் போவது கோழிக்கும் சரிவராது, கிறீமுக்கும் சரிவராது, பாஸ்தாவுக்குச் சுத்தமாகச் சரிவராது. எலும்பில்லாத நெஞ்சு இறைச்சிக்கு லோவில் மூன்று, மூன்றரை மணித்தியாலம் தாராளம். எட்டு மணித்தியாலம் விட்டால் நார் நாராகக் காய்ந்துபோகும், மேலே எவ்வளவு கிறீம் ஊற்றினாலும் கடிக்கும்போது தெரிந்துவிடும். அதனால் தொடை இறைச்சி வாங்குங்கள். எலும்பு நீக்கிய தொடையென்றால் லோவில் ஐந்து, ஆறு மணித்தியாலம் கிடந்தாலும் மெத்தென்று இருக்கும், கொழுப்பும் சவ்வும் உருகிக் குழம்பில் இறங்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. தோலை மட்டும் எடுத்துவிடுங்கள், இந்தச் சூட்டில் அது மொறுகாது, வழுவழுவென்று கிடக்கும்.

உங்களிடம் டைமர் இல்லை என்று கவலைப்படவேண்டாம், மாமி இருக்கிறாரே. காலையில் ஒரு பம்பாய் வெங்காயம் வெட்டி, ஐந்தாறு உள்ளிப்பல் நசுக்கி, இரண்டையும் கொஞ்சம் பட்டரில் வாசம் வரும்வரை வதக்கி ஆறவிடுங்கள். வதக்காமல் போட்டால் வெங்காயம் அந்த மெல்லிய சூட்டில் பச்சை வாடையோடேயே நிற்கும், இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்கவேண்டாம். 600 கிராம் இறைச்சியைப் பெரிய துண்டாகவே ஒரு மூடுகிற டப்பாவில் போட்டுப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், வெங்காயம் வேறு டப்பாவில். பீங்கான் சட்டியையே பிரிட்ஜில் வைத்துவிட்டு அப்படியே குக்கரில் இறக்கவேண்டாம், குளிர்ந்த சட்டி திடீரென்று சூடேறினால் வெடிக்கலாம். பன்னிரண்டரைக்கு மாமி இரண்டு டப்பாவையும் சட்டியில் கொட்டி, ஒரு கப் ஸ்டொக் விட்டு, லோவில் திருகிவிட்டால் அவருடைய வேலை முடிந்தது. ஒரு கப் காணாதே என்று நினைப்பீர்கள். காணும். மூடி ஆவியை வெளியே விடாது, கோழியே நீர் விடும், கடைசியில் நீங்கள் ஊற்றியதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இனிக் கிறீம். நாங்கள் சொதி வைக்கிற முறையை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிப்பாலைக் கடைசியில்தானே விடுகிறோம், விட்டபிறகு கொதிக்கவிடுவோமா? தேசிக்காய் இறக்கினபிறகுதானே? இங்கேயும் அதே கணக்குத்தான். ஆறு மணிக்கு மாமி மூடியைத் திறந்து, அறைச் சூட்டுக்கு வந்த கிறீம் சீஸைச் சின்னத் துண்டுகளாகப் போட்டு மூடிவிடட்டும். நீங்கள் வந்து இறைச்சியை இரண்டு முள்ளுக்கரண்டியால் பிய்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறினால் சோஸ் தயார். அதற்குள் அடுப்பில் பாஸ்தா அவிந்துவிடும், பத்து நிமிட வேலை. பக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாக வடியுங்கள், வடிக்கமுன் அந்த மாத்தண்ணீரில் ஒரு கப் எடுத்துவைத்து, சோஸ் இறுகினால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொள்ளுங்கள். வடித்த பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் கழுவுகிற வேலை மட்டும் வேண்டாம், சோஸ் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

பழைய_வயர்மன்

கரண்ட் கேள்விக்கு நான் வருகிறேன். லண்டனில் வாங்கியது என்றால் பிரச்சினை இல்லை, அங்கேயும் எங்கள் மாதிரி 230 வோல்ட், சதுரப்பின் பிளக் அப்படியே 13 அம்பியர் சொக்கட்டில் போகும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன், கனடா, அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவருவது 120 வோல்டுக்குச் செய்தது. பிளக் அடப்டர் மாட்டி அப்படியே குத்தினால் சுருள் மூன்றரை மடங்குக்குமேல் சூட்டை இழுக்கும், அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. அடப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அடியில் ஒட்டியிருக்கிற தகட்டைப் பார்த்துவிட்டுக் குத்துங்கள்.

பில் கூடுமோ என்று பயப்படவேண்டாம். இந்த அளவுக் குக்கரில் 200 வாட் அளவில்தான் போட்டிருக்கும். ஆறு மணித்தியாலம் முழுசாக இழுத்தால்கூட 1.2 யூனிட், லோவில் அதைவிடக் குறைவு.

இப்போது கரண்ட் போவது. உங்களுடையது திருகி வைத்தது என்பது ஒருவகையில் நல்லது, கரண்ட் வந்தவுடன் விட்ட இடத்தில் தானாகத் தொடங்கும். பட்டன் அழுத்துகிற டிஜிட்டல் வகையில் பல அப்படியே நின்றுவிடும். ஆனால் திருகி வகையில் ஒரு பொல்லாப்பும் இருக்கிறது. வீட்டில் ஆளில்லாத நேரம் இரண்டு மூன்று மணித்தியாலம் போய் வந்திருந்தால் உங்களுக்குத் தெரியவே வராது, மூடியைத் திறந்தால் நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கும். மைக்ரோவேவ் மணிக்கூடு பூச்சியத்துக்கு வந்து மினுங்குகிறதா என்று பார்த்தால் விளங்கும். மாமி வீட்டில் இருப்பதால் உங்களுக்கு இது பிரச்சினை இல்லை. போனவுடன் மூடியைத் திறக்காமல் கொஞ்சம் பார்க்கட்டும். கெதியில் வராது என்று கண்டால் வேறு சட்டிக்கு மாற்றிக் காஸில் வைத்து முடிக்கவேண்டியதுதான். பீங்கான் சட்டியைக் காஸ் நெருப்பில் வைக்கக்கூடாது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அவசரத்தில் வைப்பார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொல்லி முழுத் தீவுக்கும் கரண்ட் போனதே, ஞாயிற்றுக்கிழமை பகல், கோழி அடுப்பில் இருக்கிற நேரம். அந்தமாதிரி நாள் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.

இன்னொன்று. சிலர் சுவரில் பிளக் டைமர் மாட்டி, காலையில் பச்சைக்கோழியைப் போட்டுவிட்டு மத்தியானம் தானாகத் தொடங்கவைக்கிறார்கள். குளிர்நாட்டில் எப்படியோ, கொழும்பில் அதைச் செய்யவே வேண்டாம். பச்சை இறைச்சி 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலத்துக்குமேல் கிடக்கக்கூடாது, 32 பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் ஒரு மணித்தியாலம்தான். எங்கள் குசினிகள் பத்து மணிக்கே எந்தச் சூட்டில் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டியும்_அகப்பையும்

மன்னிக்கவேண்டும், எனக்கு விளங்கவில்லை. காலையில் வெங்காயம் வதக்கவேண்டும், மத்தியானம் மாமி கொட்டவேண்டும், ஆறு மணிக்குச் சீஸ் போடவேண்டும், இரவு அடுப்பைப் பற்றவைத்துப் பாஸ்தா அவிக்கவும் வேண்டும். இவ்வளவுக்கும் ஸ்லோ குக்கர் எதற்கு? ஆறரைக்கு வந்து ஒரு அடுப்பில் பாஸ்தா, மற்ற அடுப்பில் தாச்சியில் கோழியை வதக்கிக் கிறீம் ஊற்றினால் ஏழேகாலுக்குச் சாப்பிட்டுவிடலாம். கோழிக்கும் நல்ல சிவந்த நிறம் வரும், குக்கரில் அது வரவே வராது, வெளிறித்தான் இருக்கும்.

உள்ளிப்பல்

அண்ணா, நிறம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஆறரைக்குப் பஸ்ஸால் இறங்கி வந்து, ஒரு யன்னல் வைத்த குசினியில் இரண்டு அடுப்பையும் மூட்டிக்கொண்டு நிற்கிறவர் நீங்களா, அவரா? அவர் கேட்டது கெதியாகச் செய்கிற வழி இல்லை, வந்தபிறகு வேலை குறைகிற வழி. நிறம் வேண்டுமானால் காலையில் வெங்காயம் வதக்குகிற அதே தாச்சியில் கோழியையும் பிரட்டி எடுக்கலாம், ஆனால் அரைவேக்காட்டுக் கோழியைப் பிறகு மத்தியானம்வரை வைத்திருக்கக்கூடாது, உடனே குக்கரில் போட்டு முடிக்கவேண்டும். அதனால் லீவு நாளுக்குத்தான் அது.

உம்மாவின்_மகள்

நான் தெமட்டகொடையில் இருந்து. பாஸ்தாவை உள்ளேயே போட்டுச் செய்கிற ஆள் நான்தான், திட்டவேண்டாம். நோன்பு மாதத்தில் அஸர் தொழுதுவிட்டு அடுப்படியில் நிற்க உடம்பில் தெம்பு இருக்காது, அப்போது இந்தக் குக்கர்தான் பெரிய உதவி. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கவேண்டும், பாஸ்தா கடைசி அரை மணித்தியாலத்தில்தான் உள்ளே போகும். கோழி வெந்து பிய்த்தபிறகு, கொதிக்கக் கொதிக்க ஒன்றரைக் கப் சுடுதண்ணீர் அல்லது ஸ்டொக் கூடுதலாக விட்டு, 250 கிராம் பாஸ்தாவைப் போட்டு, எல்லாம் நீருக்குள் அமிழ்ந்திருக்கிற மாதிரி அழுத்தி, ஹையில் திருகவேண்டும். இருபதாவது நிமிடத்தில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும்போதே கிறீமைச் சேர்த்து ஓஃப் செய்துவிடவேண்டும், மீதி அதன் சூட்டிலேயே வரும். பத்து நிமிடம் மறந்தால் குழைந்துவிடும் என்பதும் உண்மை. பென்னே, மக்கரோனி மாதிரிக் கட்டை வகைதான் சரி, ஸ்பகெட்டி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும்.

பக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரண கோதுமை மாவில் செய்த மலிவு வகை அடுப்பில் சமாளிக்கும், குக்கருக்குள் நிற்காது. அப்படியானதைத் தனியாக அவிப்பதே மேல்.

நோன்போடு ருசி பார்க்க முடியாது என்பதால் உப்பைக் குறைத்துப் போட்டுப் பழகிவிட்டேன், இப்போது சாதாரண நாளிலும் அப்படித்தான். ஸ்டொக் கட்டியிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு நிறைய இருக்கிறது, கோழியோடு உப்புப் போடவே தேவையில்லை.

கொட்டாஞ்சேனை_ஜெ

அந்த இத்தாலியன் டிரெசிங் பக்கெட்டைத் தேடி அலையவேண்டாம். அதில் இருப்பது உள்ளித்தூள், வெங்காயத்தூள், காய்ந்த ஒரிகானோ, பசில், பார்ஸ்லி, மிளகு, உப்பு, கொஞ்சம் சீனி. உங்களிடம் நிஜ உள்ளியும் வெங்காயமும் இருக்கிறது, ஒரு தேக்கரண்டி ஒரிகானோ, அரைத் தேக்கரண்டி பசில், கால் தேக்கரண்டி சீனி போட்டால் கதை முடிந்தது. மிளகை மட்டும் கடைசியில் புதிதாக இடித்துப் போடுங்கள், மணித்தியாலக்கணக்கில் சூட்டில் கிடந்தால் வாசம் போய்க் காரம் மட்டும் நிற்கும். செய்முறையில் ஒரு கட்டி என்றால் 8 அவுன்ஸ், 226 கிராம். எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, 150 கிராம் போட்டாலே நாக்கில் ஒட்டும்.

பெரியவர்களுக்கு மேலே செத்தல் மிளகாய்த் துண்டு தூவிக்கொள்ளலாம். பிள்ளைக்குத் தனியாக எடுத்தபிறகு.

கொழும்பு6காரி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. மாமிக்கு வாசித்துக் காட்டினேன், பன்னிரண்டரைக்குத் திருகுவதற்குச் சம்மதம், ஆனால் கறிவேப்பிலையும் ரம்பையும் போடாமல் கோழி வைப்பதா என்று கேட்கிறார். இன்னும் இரண்டு சந்தேகம். கிறீம் சீஸ் விலை பார்த்தேன், மாதம் ஒருதரம் என்றால் சரி, கிழமைக்கு ஒருதரம் கட்டாது, வேறு என்ன போடலாம்? தேங்காய்ப்பால் சரியா? வெள்ளிக்கிழமை நாங்கள் மரக்கறி, அன்றைக்குக் காளான் போட்டு இதையே செய்யலாமா?

உள்ளிப்பல்

தேங்காய்ப்பால் விடலாம், கடைசி இருபது நிமிடத்தில். நன்றாக இருக்கும், ஆனால் அது வேறு சாப்பாடு, மகன் கடையில் சாப்பிடுகிற ருசியை எதிர்பார்த்து உட்கார்ந்தால் முகம் சுருங்கும். அப்படிச் செய்கிற அன்றைக்கு மாமியின் கறிவேப்பிலையும் ரம்பையும் தாராளமாகப் போகட்டும், ஒரிகானோவை விட்டுவிடுங்கள்.

பால் ருசி வேண்டுமென்றால் மலிவான வழி முக்கோணச் சீஸ். ஆறு துண்டைத் தாள் உரித்து அப்படியே போடுங்கள், பதப்படுத்திய சீஸில் கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கிற உப்புகள் சேர்த்திருப்பார்கள், அதனால் கிறீம் சீஸைவிட இலேசாகக் கரையும், சோஸ் திரைவதும் குறைவு. அதோடு முழு ஆடைப் பால்மா நாலு மேசைக்கரண்டி, சோளமா ஒரு மேசைக்கரண்டி, இரண்டையும் அரைக் கப் ஆறின தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, ஹையில் இருபது நிமிடம் விடுங்கள், இறுகி வரும். பக்கெட் பாலை நேரடியாக ஊற்றவேண்டாம், கொழுப்புக் குறைவு, சூட்டில் பிரியப் பார்க்கும். தக்காளி போடுகிற யோசனை இருந்தால் அன்றைக்குப் பால்மா வழி வேண்டாம், புளிப்பில் திரையும்.

மகனிடம் ஒன்று சொல்லிவையுங்கள், மூடியைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது. ஒருதரம் திறந்தால் இருபது முப்பது நிமிடச் சூடு போகும், திரும்ப ஏற அவ்வளவு நேரம் எடுக்கும்.

சட்டியும்_அகப்பையும்

காளானுக்காவது நான் சொல்வதைக் கேளுங்கள். காளானில் பெரும்பகுதி தண்ணீர். குக்கரில் மூடிவைத்தால் அவ்வளவும் வெளியே வந்து சோஸ் தண்ணீராகி, காளான் ரப்பராகும். வெள்ளிக்கிழமை தாச்சியை நன்றாகக் காயவைத்து, காளானை நெருக்காமல் பரப்பி, உப்புப் போடாமல் சிவக்க வதக்கி, உள்ளி, கிறீம், மிளகு. பாஸ்தா அவிகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். வியர்க்கும்தான், ஆனால் பத்து நிமிடம்.

உள்ளிப்பல்

இதில் அண்ணா சொல்வதுதான் சரி.

கொழும்பு6காரி

அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று, மிஞ்சினதை அடுத்த நாள் மகனுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுக்கலாமா?

உம்மாவின்_மகள்

மிஞ்சும் என்று தெரிந்தால் பாஸ்தாவையும் சோஸையும் கலக்கமுன்னமே பிரித்து எடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். கலந்துவைத்தால் விடியும்போது பாஸ்தா சோஸையெல்லாம் குடித்துவிட்டு ஊதிப்போய் இருக்கும். சூடாக்கும்போது கொஞ்சம் பால் விட்டு ஆவி பறக்கும்வரை சூடாக்கவேண்டும், குக்கரில் போட்டுச் சூடாக்கக்கூடாது, அது ஏறுவதற்குள் கெட்டுவிடும். சாதாரண டப்பாவில் கட்டிக்கொடுக்க நான் துணியமாட்டேன், கிறீமும் கோழியும் இடைவேளைவரை அந்த வெக்கையில் பையில் கிடக்கவேண்டும். சாப்பாட்டு பிளாஸ்க் இருந்தால் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கப் போட்டு இறுக்கி மூடிக் கொடுங்கள். இல்லையென்றால் இடைவேளைக்குப் பாணும் ஜாமும் போகட்டும், ஒன்றரைக்குப் பள்ளி விட்டு வந்து வீட்டில் சாப்பிடட்டும்.